கல்லாவில் படித்த கார்

தர்ஷிகாவின் முகூர்த்தத்துக்கு அந்த மாருதி எண்ணூறு சொன்ன விலை நாற்பத்தொன்பது யூனிட்.

பெண்ணைப் பெற்று, படிக்கவைத்து, வரன் பார்த்து, மூன்று ஜோசியர்களிடம் நாள் கேட்டு, இரண்டு பேர் சொன்ன நாளைத் தள்ளிவிட்டு, மூன்றாமவர் குறித்துக் கொடுத்த ஒரு நல்ல நேரத்துக்கு இன்ன விலை என்று விருதுநகரில் அதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வத்தலுக்கு விலை உண்டு, மல்லிக்கு விலை உண்டு, அவை வந்த சாக்குக்கும் விலை உண்டு. முகூர்த்தத்துக்குச் சொன்னது ஒரு கார். அதுவும் பெண்ணின் தகப்பன் தவசிலிங்கத்தின் சொந்தக் கார். அதுவும் தவசிலிங்கத்தின் சொந்தக் குரலில்.

"கட்டுபடியாகாது அண்ணாச்சி," என்றது டாஷ்போர்டு. "நாப்பத்தொம்பதுக்கு ஒரு புள்ளி கொறஞ்சாலும் எனக்குக் கட்டுபடியாகாது. வேணும்னா நாலு எடத்துல விசாரிச்சுட்டு வாங்க. நான் எங்க போயிரப் போறேன்?"

பட்டு வேட்டியும் தோளில் துண்டுமாகப் போர்டிகோவில் நின்ற தவசிலிங்கத்துக்கு வேர்த்துக் கொட்டியது. மணி ஆறு. முகூர்த்தம் ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள். மண்டபம் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, அருப்புக்கோட்டை ரோட்டில். அவ்வளவு தூரம் ஓட அந்த வண்டிக்கு இரண்டு யூனிட் கரண்ட் போதும்.

இரண்டு யூனிட் வேலைக்கு நாற்பத்தொன்பது கேட்கும் துணிச்சல் ஒரு காருக்கு எங்கிருந்து வந்தது? அதைச் சொல்ல ஆறு மாதம் பின்னால் போகவேண்டும்.

*

பெட்ரோல் பங்குகளெல்லாம் கல்யாண மண்டபங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. உயரமான கூரை, அகலமான வாசல், வண்டி நிறுத்தத் தாராளமான இடம். பந்தல் செலவே இல்லை. பெட்ரோல் போன இடத்தில் கரண்ட் வந்து உட்கார்ந்தது. அதற்குக் கால்மணி நேரத்துக்கு ஒரு விலை. மத்தியானம் மொட்டைமாடித் தகடுகள் கொட்டுகிற கரண்டை வாங்க ஆள் இருக்காது. சாயங்காலம் ஏழு மணிக்கு அதே கரண்டுக்கு அடிதடி நடக்கும். ஆகவே வீட்டுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று தரகுப் பெட்டிகள் வந்தன. மலிவான நேரத்தில் வாங்கி, கிராக்கியான நேரத்தில் விற்று, ஒரு பெட்டியோடு இன்னொரு பெட்டி பேரம் பேசும். பணம் கைமாறாது. யூனிட்தான் காசு.

தவசிலிங்கத்தின் பழைய மாருதி எண்ணூறு டாங்கி காய்ந்து ஒரு வருஷமாக நின்றது. ஒருநாள் காயலான் கடைக்காரன் வந்தான். தவசிலிங்கம் ஒரு விலை சொன்னார். அவன் மறுபேச்சில்லாமல், "சரி அண்ணாச்சி," என்று பணத்தை எண்ண ஆரம்பித்தான்.

முப்பது வருஷமாக மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி நடத்துகிறவரை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. கேட்ட விலைக்கு ஒருவன் சரி என்றால், கேட்டவன் ஏமாந்துவிட்டான் என்று அர்த்தம். வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிக் காயலான் கடைக்காரனை விரட்டிவிட்டு, மச்சினனைக் கூப்பிட்டார்.

மச்சினன் ஜெயபாண்டி இன்வெர்ட்டர் கடை வைத்திருந்தான். வண்டியைச் சுற்றி வந்தான். சக்கரத்தை எட்டி உதைத்தான்.

"பெரிய வேலையே இல்ல அத்தான். இஞ்சினக் கழட்டணும், மோட்டார வைக்கணும். எண்ணெய்க் கத்தரிக்காய் பண்ற மாதிரிதான். கீறி, உள்ள வெச்சு, மூடிற வேண்டியதுதான்."

"கத்தரிக்காய் ரோட்டுல ஓடாதுல்ல மாப்ளே."

"இது ஓடும். மோட்டார் கிட்டு பார்சல்ல வந்துரும். நாமளே வீட்டுல மாட்டிரலாம்."

மாட்டினார்கள். போர்டிகோ உத்தரத்தில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட்டு இஞ்சினைத் தூக்கியபோது, தரையில் கொட்டிய கறுப்பு ஆயிலைப் பார்த்து தவசிலிங்கத்தின் மனைவி ராஜகனி, "மார்கழிக் கோலம் நல்லா இருக்கு," என்றாள். கணவனை வைது அவள் நேரத்தை வீணடிப்பதில்லை. இப்படி ஒரு வரி சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். இஞ்சின் இருந்த இடத்தில் குடம் போல ஒரு மோட்டார் உட்கார்ந்தது. பெட்ரோல் டாங்கி இருந்த இடத்தில் பாதி பேட்டரி, டிக்கியில் மீதி. மோட்டாரையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற தகட்டில் மூன்று ஓட்டைகள் பொருந்தவில்லை. ஜெயபாண்டி அதை இரண்டு நாள் அரத்தால் ராவிக்கொண்டே இருந்தான். வாரக் கடைசியில் பானெட்டை மூடி, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து, தவசிலிங்கம் முதல் கியரைப் போட்டார்.

வண்டி பின்னால் போனது. மோட்டாருக்குப் போகிற மூன்று ஒயர்களில் இரண்டை ஜெயபாண்டி மாற்றிச் சொருகியிருந்தான். எலுமிச்சம்பழம் நசுங்காமல் அப்படியே இருக்க, எதிர்வீட்டு எஸ்தர் டீச்சரின் இரும்புக் கேட் நசுங்கியது.

ரிட்டயரான கணக்கு டீச்சர் எஸ்தர் வெளியே வந்து பார்த்தார். மூச்சிரைப்புக்காரர். இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று நின்றுதான் பேசுவார்.

"ஏன் தம்பி... முன்னால போறதுக்கு... தனியாக் காசு கேக்குதா?"

அந்தக் கேள்வி பலிக்கப் போகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள்.

*

கடைசியாக மாட்டவேண்டியது தரகுப் பெட்டி. டிபன் பாக்ஸ் அளவில், பச்சை விளக்கோடு இருந்தது.

"இது கைக்குழந்தை மாதிரி அத்தான்," என்றான் ஜெயபாண்டி. "ஒரு வாரம் வீட்டுக்குள்ள வெச்சிருக்கணும். நாம பேசுறத எல்லாம் கேக்கும். எப்ப வெளிய போவோம், எப்ப திரும்புவோம், எதுக்கு அவசரப்படுவோம், எதுக்குப் பொறுத்துப்போவோம்னு தெரிஞ்சுக்கும். அதுக்குத் தகுந்த மாதிரிதான் வாங்கும், விக்கும்."

"வீட்டுல இருந்து என்னத்தப் படிக்கும்? உங்க அக்கா பாக்குற சீரியல் வசனத்தயா?"

"கொஞ்சம் அமைதியான எடமா இருக்கணும்னு புஸ்தகத்துல போட்டுருக்கு."

"பேரம் பேசுற பெட்டிய எவனாவது அமைதியான எடத்துல வளப்பானா? மண்டிக்குக் கொண்டா."

ஒரு வாரம் அந்தப் பெட்டி தவசிலிங்கத்தின் கல்லாவில், சாமி படத்துக்கும் ஊதுபத்திக்கும் நடுவில் உட்கார்ந்து வியாபாரம் கேட்டது.

அந்த மண்டியில் வியாபாரம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேரம் இரண்டு இடத்தில் நடக்கும். ஒன்று வாயில். "கட்டுபடியாகாது", "வயித்துல அடிக்காதய்யா", "இந்த வெலைக்கு நான் வத்தலத் தெருவுல கொட்டிட்டுப் போவேன்", "ஆளு அவசரத்துல வந்துருக்கான், ஏத்திச் சொல்லு" என்று சத்தம் கூரையைத் தொடும். அதெல்லாம் சுற்றி நிற்கிற மற்ற வியாபாரிகளின் காதுக்கு. நிஜமான பேரம் துண்டுக்கு அடியில். வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் இவ்வளவு, மடக்கினால் இவ்வளவு. வாய் ஏறிக்கொண்டே போகும்போது விரல் இறங்கிக்கொண்டே வரும். கடன்காரனுக்குத் தவணை, நொடிந்தவனுக்கு விலை குறைப்பு, பெண் கல்யாணம் வைத்திருப்பவனுக்குக் கூட இரண்டு மூட்டை என்று தவசிலிங்கம் செய்த நல்லதெல்லாம் அந்தத் துண்டுக்கு அடியில் சத்தமில்லாமல் செய்ததுதான். வெளியே தெரிந்தால் அடுத்தவனும் கேட்பான்.

பெட்டிக்குக் காது உண்டு. விரல் கிடையாது.

*

முதல் மாதம் சொர்க்கம். பெட்டி மத்தியானம் பக்கத்துத் தெரு மொட்டைமாடிகளை மிரட்டிக் கரண்டைச் சும்மா போல வாங்கி, ராத்திரி அதே வீடுகளுக்கு ஆறு மடங்குக்கு விற்றது. எதிர்ப் பெட்டிகள் சொன்ன முதல் விலையைக் கேட்டுப் பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சு தவசிலிங்கத்தின் பெருமூச்சு. அச்சு அசல்.

"அத்தான், ஊரே உங்க பெட்டியக் கேக்குது," என்று ஜெயபாண்டி வந்தான். "அது படிச்சத அப்படியே நகல் எடுத்து மத்த வண்டிப் பெட்டிகள்ல ஏத்திரலாம். 'அண்ணாச்சி பெட்டி'ன்னு பேரும் வெச்சாச்சு."

தவசிலிங்கம் பெட்டிக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசிச் சம்மதித்தார். நாற்பத்திரண்டு வண்டிகள் அவருடைய புத்தியை வாங்கிக்கொண்டன. வாடகைக் கார், மினிபஸ், பால் வண்டி எல்லாவற்றிலும் அண்ணாச்சி.

இரண்டாவது மாதம் ராஜகனி இருக்கன்குடி கோயிலுக்குக் கிளம்பி வண்டியில் உட்கார்ந்தாள். வண்டி நகரவில்லை.

"இப்ப ஓடினா நஷ்டம்மா," என்றது டாஷ்போர்டு, அவள் புருஷன் குரலில். "சாயங்காலம் யூனிட்டுக்கு நல்ல வெல இருக்கு. நின்ன எடத்துலயே சம்பாதிக்கிறதுக்கு எதுக்கும்மா ஓடணும்?"

"நியாயமாத்தான் கேக்குது," என்று தவசிலிங்கம் சிரித்தார். அவருக்கு உள்ளூரப் பெருமை.

ராஜகனி இறங்கினாள். "வீட்டுல ஒண்ணு போதாதுன்னு வாசல்லயும் ஒண்ணு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனாள்.

பெருமை போனது ஒரு சாயங்காலம். எஸ்தர் டீச்சர் வீட்டுப் பேட்டரி தீர்ந்துபோய், அவருடைய மூச்சு மிஷினுக்கு அரை யூனிட் கரண்ட் தேவைப்பட்டது. அவர் வீட்டுப் பெட்டி பக்கத்தில் இருந்த மாருதியிடம் கேட்டது. மாருதி எட்டு யூனிட் சொன்னது. டீச்சர் எட்டு யூனிட்டுக்கு எழுதிக் கொடுத்து, மூச்சு வாங்கி, மறுநாள் காலையில் தவசிலிங்கம் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"தம்பி... நான் கேட்டது அரை... அது கேட்டது எட்டு. அதுகூடப் பரவாயில்ல. 'டீச்சருக்கு மூச்சு முட்டுது, கொறைக்க மாட்டேன்'னு... உங்க குரல்ல சொல்லுச்சு."

தவசிலிங்கம் அன்றைக்கே தன் வீட்டு ஸ்விட்சிலிருந்து எதிர்வீட்டுக்கு ஒரு நீள ஒயரைத் தெருவுக்கு மேலே இழுத்துக் கட்டினார். ஜெயபாண்டியை வரச்சொன்னார்.

"அதத் தூக்கி எறி."

"பெட்டியக் கழட்டினா மோட்டார் சுத்தாது அத்தான்."

"அழிச்சுட்டு மறுபடி பழக்கு."

"அழிக்க விடாது. வர்ற ஆடி வரைக்கும் ஊரெல்லாம் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு வித்துருக்கு. எல்லாம் உங்க பேர்ல. அது முடியற வரைக்கும் யாரும் கை வைக்க முடியாது, சட்டம் அப்படி."

"நான் எப்ப அப்படிப் பேசினேன்? மூச்சு முட்டுறவங்ககிட்ட வெலைய ஏத்துன்னு நான் எப்பச் சொன்னேன்?"

காப்பி கொண்டுவந்த ராஜகனி டம்ளரை வைத்தாள். "தெனமும் சொல்வீங்களே. 'ஆளு அவசரத்துல வந்துருக்கான், ஏத்திச் சொல்லு.' தெருவுல போறவங்களுக்கே கேக்கும்."

"அது வாய்ல சொல்றது!"

"பெட்டி வாயத்தான கேக்கும்?"

*

கல்யாணம் வைகாசியில். ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம்.

முதல் நாள் ராத்திரியே மணப்பெண்ணை மண்டபத்துக்குக் கூட்டிப்போய்த் தங்கவைப்பதுதான் ஊர் வழக்கம். மண்டபக்காரர் அறைக்கு ஒரு வாடகை சொன்னார். "பதினெட்டு கிலோமீட்டர் தூரத்துக்கு ரூம் எதுக்கு? சொந்தக்காரங்க போகட்டும். பொண்ண விடியக்காலைல நம்ம வண்டில கூட்டிட்டு வந்துர்றோம்," என்று தவசிலிங்கம் மிச்சம் பிடித்தார். ஜெயபாண்டி உள்பட எல்லாரும் முதல் நாள் ராத்திரியே போய்விட்டார்கள்.

மிச்சம் பிடித்த அந்த வாடகைதான் இப்போது போர்டிகோவில் நாற்பத்தொன்பது யூனிட்டாக நிற்கிறது.

தவசிலிங்கம் வாடகைக் காருக்குப் போன் போட்டார். எடுத்தது அவர் குரல். "முகூர்த்த நாளு அண்ணாச்சி, கட்டுபடியாகாது." இன்னொரு காருக்குப் போட்டார். "நாலு எடத்துல விசாரிச்சுட்டு வாங்க அண்ணாச்சி." மினிபஸ் ஸ்டாண்டுக்குப் போட்டார். ஐந்து மினிபஸ்களும் நின்ற இடத்திலேயே மண்டபங்களுக்குக் கரண்ட் விற்றுக்கொண்டிருந்தன. ஆறாவது போனில் தன் பெருமூச்சைத் தானே கேட்டபோது போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

பட்டுப் புடவையும் ஜடையலங்காரமுமாகத் தர்ஷிகா படியிறங்கி வந்தாள். மணி ஆறு இருபது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

"பேசாம குடுத்துத் தொலைங்க," என்றாள் ராஜகனி.

தவசிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் குனிந்தார். "சரி. நாப்பத்தொம்பது. கெளம்பு."

டாஷ்போர்டு ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு, "அது அப்பச் சொன்ன வெல அண்ணாச்சி," என்றது. "இப்ப அறுபத்தஞ்சு."

"டேய்! நீ கேட்டதத்தான குடுக்குறேன்!"

"கேட்டதும் சரின்னுட்டீங்க. அப்ப நான் கொறச்சுச் சொல்லிட்டேன்னு அர்த்தம்."

தவசிலிங்கம் படியில் உட்கார்ந்துவிட்டார். காயலான் கடைக்காரன் ஞாபகம் வந்தது. இனி எந்த விலைக்குச் சரி என்றாலும் அது ஏறும். சரி சொல்லாவிட்டால் நகராது. முப்பது வருஷம் மற்றவர்களை நிறுத்திவைத்த இடத்தில் இப்போது அவரே நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் விடவில்லை. எழுந்து, "உன் சங்காத்தமே வேணாம்," என்று தெருமுனை வரைக்கும் விறுவிறுவென்று நடந்தார். பின்னாலிருந்து கூப்பிடுவான் என்று நடக்கிற நடை அது. யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தார். கும்பிட்டுப் பார்த்தார். "நம்ம வீட்டுப் பொண்ணுடா," என்றார்.

"பொண்ணு விஷயம்னு தெரிஞ்சதாலதான் அண்ணாச்சி அறுபத்தஞ்சு."

தர்ஷிகா அதுவரை படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அப்பாவை முதல் தடவை பார்க்கிறவள் போலப் பார்த்தாள்.

"அப்பா... கடையில நீங்க இப்படித்தான் பேசுவீங்களா?"

முகூர்த்தம் தவறினால் இன்னொரு நாள் பார்க்கலாம். இந்தக் கேள்விக்கு இன்னொரு நாள் கிடையாது என்று தவசிலிங்கத்துக்குத் தெரிந்தது.

"வாய்லதான்மா," என்றார். தன் கையைப் பார்த்தார். "கை வேற பேசும்மா. கைய யாரும் பாத்ததில்ல."

தோளில் கிடந்த துண்டை உருவி, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே கியர் கம்பியின் மேல் போட்டு, அதற்கடியில் கையை விட்டார். முப்பது வருஷத்துப் பழக்கம். விரல்கள் எதிராளியின் விரலைத் தேடின. அங்கே ரப்பர் உறை போட்ட ஒரு குமிழ்தான் இருந்தது. இரண்டு விரலை மடக்கிக் குமிழை அழுத்திப் பார்த்தார். பிடித்துக் கெஞ்சிப் பார்த்தார். சத்தமில்லாமல் அவர் கொடுக்கிற விலை எதுவும் அந்த வண்டிக்குக் கேட்கவில்லை.

ராஜகனி அவர் தோளைத் தொட்டாள்.

"நகருங்க. நீங்க விக்கிறவரு. உங்களுக்கு விக்கிறவன் பக்கம் மட்டுந்தான் தெரியும். இருபத்தாறு வருஷமா வாங்கிட்டு வர்றவ நான்."

அவள் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டாள். தெருவில் இறங்கி நாலு வீடு தள்ளிப் போய், அங்கிருந்து திரும்பி, காய்கறி வாங்க வருகிற நடையில் மெதுவாக வந்தாள். வண்டி ஜன்னலுக்கு முன்னால் நின்று, பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள்.

"அண்ணாச்சி, கடை தெறந்தாச்சா?"

டாஷ்போர்டில் பச்சை விளக்கு விழித்தது. "தெறந்தாச்சும்மா."

"நேத்து ராத்திரியிலேருந்து சரக்க அப்படியே பூட்டி வெச்சுருக்கீங்க போல. இன்னும் ஒண்ணும் போகல?"

"முகூர்த்த வெலைக்குக் காத்துருக்கேன்மா."

"அப்ப இன்னும் போணி ஆகலையா?"

படியில் நின்ற தவசிலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு நாள் காலையிலும் மண்டியில் கல்லாவைத் திறந்ததும் முதல் வியாபாரமான போணியைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொல்வதை அந்த ஒரு வாரமும் பெட்டி ஊதுபத்திப் புகைக்கு நடுவில் கேட்டிருந்தது, துண்டுக்கு வெளியே அவர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

"ஆகலைம்மா," என்றது டாஷ்போர்டு. குரல் இறங்கியிருந்தது.

"காலங்காத்தால மொத ஆளா வந்துருக்கேன். ஒரு பொம்பளப் புள்ளையோட. வெறுங்கையா அனுப்பிராதீங்க அண்ணாச்சி."

"போணி நேரத்துல யாரையும் திருப்பி அனுப்பக் கூடாதும்மா. கேட்ட வெலைக்குக் குடுத்துரணும். என்ன வேணும்?"

"அருப்புக்கோட்டை ரோட்டு மண்டபம் வரைக்கும். ரெண்டு யூனிட்."

"ஏறும்மா. மகாலட்சுமி மாதிரி வந்துருக்க."

கதவுகள் திறந்தன. தவசிலிங்கம் பாய்ந்து ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தார். தர்ஷிகா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். ராஜகனி மட்டும் ஏறவில்லை. எதிர்வீட்டுக் கேட்டில் எஸ்தர் டீச்சர் நல்ல புடவையும் மூச்சு மிஷின் பையுமாக நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூட்டிப்போக வேண்டிய வாடகைக் காரும் ஒரு அண்ணாச்சிதான்.

"அண்ணாச்சி," என்றாள் ராஜகனி, "கொசுறு?"

"கொசுறெல்லாம் கட்டுபடியாகாதும்மா."

"ஒரு ஆளு. போற வழிக்கு அவங்க மிஷினுக்குக் கொஞ்சம் கரண்ட்டு. அவ்வளவுதான்."

"கட்டுபடியாகாதும்மா. எல்லாரும் கொசுறு கேட்டா நான் எங்க போறது?"

தவசிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். போணியையும் கெடுத்துவிட்டாளே என்று நினைத்தார்.

டக் என்று ஒரு சத்தம். பின்பக்கத்து இன்னொரு கதவின் பூட்டு விடுபட்டது. டாஷ்போர்டுக்குப் பக்கத்திலிருந்த பிளக்கில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது.

தவசிலிங்கம் கண்ணைத் திறந்து பார்த்தார். அது அவருடைய வழக்கம்தான். மண்டியில் கொசுறு கேட்டவர்களிடம் அவர் இரண்டு தரம் கட்டுபடியாகாது என்பார். அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு கை வத்தலை அள்ளிப் பையில் போடுவார். வார்த்தையில்லாமல் போடுவார். ஆனால் காய்ந்த வத்தல் பையில் விழுகிறபோது சலசலவென்று ஒரு சத்தம் கேட்கும். இரண்டு கட்டுபடியாகாதுக்குப் பிறகு அந்தச் சத்தம் வரும் என்பதைப் பெட்டி படித்துவைத்திருந்தது.

"பாத்தியாம்மா," என்றார் பின்னால் திரும்பி. தர்ஷிகா கையை நீட்டி அவர் தோளை அழுத்தினாள். ராஜகனி முன்னால் ஏறினாள். எஸ்தர் டீச்சர் பின்னால் ஏறி உட்கார்ந்து, மிஷினைச் சொருகி, நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"முன்னால போகுதா தம்பி?"

"போகுது டீச்சர்."

*

தாலி ஏழு ஐம்பதுக்கு ஏறியது. பெட்ரோல் பம்புகள் இருந்த இடத்தில் சார்ஜர் கம்பங்கள் நின்றன. மாருதியையும் அங்கே சொருகி நிறுத்தியிருந்தார்கள். முகூர்த்த விலை இறங்கியதும், ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது மொய் எழுதுகிற மேஜை திறந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி யார் எவ்வளவு எழுதினார்கள் என்று மைக்கில் படித்தார்கள். கொடுத்தவனுக்குப் பெருமை, கொடுக்காதவனுக்கு நினைவூட்டல். ஒலிபெருக்கி ஒன்று சார்ஜர் கம்பத்திலும் கட்டியிருந்தது.

"தாய்மாமன் ஜெயபாண்டி, ஐயாயிரத்து ஒண்ணு," என்று படித்த ஆள் திடீரென்று நிறுத்தினான். தன் கையில் இருந்த போனைப் பார்த்தான். மேஜையில் இருந்த பெரியவரிடம் காட்டினான். அவர் தோளைக் குலுக்கினார். "வந்தத வந்தபடி படி."

"விருதுநகர்... மாருதி எண்ணூறு, வெள்ளை. ஐம்பத்தோரு யூனிட்."

பந்தியில் இலைக்கு முன்னால் குனிந்திருந்தவர்களெல்லாம் நிமிர்ந்தார்கள்.

"பால் வண்டி, பதினோரு யூனிட். மினிபஸ், பதினோரு யூனிட். இன்னொரு மினிபஸ், பதினொண்ணு..."

நாற்பத்திரண்டு வண்டிகளும் எழுதின. ஒரு வண்டி எழுதியதைக் கேட்டு அடுத்தது எழுதியது. தவசிலிங்கம் சார்ஜர் கம்பத்துக்கு ஓடிப்போய் மாருதியின் பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என்னடா இது? உனக்குக் கட்டுபடியாகுமாடா?"

"நம்ம வீட்டுப் பொண்ணு அண்ணாச்சி," என்றது டாஷ்போர்டு.

பின்னாலேயே வந்த ராஜகனிக்குக் கண் கலங்கவில்லை. மொய்யின் அர்த்தம் தெரிந்தவள் அவள். "அழுவாதீங்க," என்றாள். "திருப்பிச் செய்யணும்ல?"

"காருக்கு எங்க விசேஷம் வரப்போகுது?"

*

மொய்யாக வந்த யூனிட்டெல்லாம் மண்டபத்து ஏசிக்கே போய்விட்டது. ஆடி வந்தது. ஒப்பந்தமெல்லாம் முடிந்து, பெட்டியை அழிக்கச் சட்டம் வழிவிட்டது. ஜெயபாண்டி ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். தவசிலிங்கம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். மண்டியில் இப்போது அவர் சில விலைகளைத் துண்டுக்கு வெளியே, வாய்விட்டே குறைத்துச் சொன்னார். மற்ற வியாபாரிகள் அவருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள். காலையில் பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்துக் கேட்கவிட்டார்.

ஆவணி முதல் வாரத்தில் போனுக்கு ஒரு பத்திரிகை வந்தது. மேலே பிள்ளையார் படம். 'நிகழும் மங்களகரமான ஆவணித் திங்களில், மாருதி எண்ணூறுக்குப் புது பேட்டரி ஏற்றும் இல்ல விழா நடைபெறுவதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து வாழ்த்த வேண்டுகிறோம்.' இடம், அருப்புக்கோட்டை ரோட்டு மண்டபம். அதற்கடியில் சின்ன எழுத்தில், 'கடந்த வைகாசியில் நாங்கள் செய்ததை அன்புடன் நினைவூட்டுகிறோம்.'

மறுநாள் பால் வண்டியின் பத்திரிகை. அதற்கு மறுநாள் நான்கு மினிபஸ்கள் கூட்டாக.

தவசிலிங்கம் போர்டிகோவுக்குப் போய் வண்டியின் முன்னால் நின்றார். "உன் விசேஷத்துக்கு நான் எப்படி வர்றது?"

"வண்டி வேணுமா அண்ணாச்சி? காலைல மொத ஆளா வாங்க. பேசிக்கலாம்."

அவர் படியில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். வாங்கிய மொய்யை அப்படியே திருப்புகிறவனை அந்த ஊரில் மனுஷனாக மதிப்பதில்லை, கூட்டித்தான் செய்யவேண்டும். ஐம்பத்தொன்றுக்கு நூற்றொன்று. பதினொன்றுக்கு இருபத்தொன்று, அப்படி நாற்பத்திரண்டு வண்டிக்கு. எதிர்வீட்டிலிருந்து மூச்சு மிஷினின் மெல்லிய உறுமல் கேட்டுக்கொண்டிருந்தது. தெருவுக்கு மேலே அவர் கட்டிய ஒயர் எப்போதோ கழற்றப்பட்டிருந்தது. இப்போதெல்லாம் தினமும் சாயங்காலம் இரண்டு தரம் கட்டுபடியாகாது என்று சொல்லிவிட்டு மாருதியே கொடுத்துவிடுகிறது. அதை யார் கணக்கிலும் ஏற்றுவதில்லை.

மற்ற கணக்கு இதுதான். போணிக்குக் கொடுத்தது இரண்டு யூனிட், அது தீர்ந்தது. மொய் வரவு ஐந்நூற்றுப் பதின்மூன்று யூனிட். திருப்ப வேண்டியது தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று. மொட்டைமாடி ஒரு நாளைக்குக் கொடுப்பது பன்னிரண்டு. கையிருப்பு, விருதுநகர் வெயில்.